இலங்கை முத்திரைச் சேகரிப்பு: ஆர்வம் விட்டுப்போச்சு, விக்கிறதா வைக்கிறதா?

வெள்ளவத்தை_யோகன்

இலங்கை முத்திரைகள் ஏழு ஸ்டொக்புக் (முத்திரை செருகி வைக்கிற புத்தகம்) இருக்கு. 1857இல இருந்து 1990 மட்டும். வாங்கிறதை நிப்பாட்டி கனகாலம், இப்ப புத்தகத்தைத் திறக்கவே மனம் வருகுதில்லை. வித்தால் பிறகு கவலைப்படுவனோ எண்டும் இருக்கு, சும்மா அலுமாரிக்குள்ள கிடந்து பழுதாகுதே எண்டும் இருக்கு. இருக்கிறது இதுதான்:

விக்டோரியா ராணி காலத்து முத்திரை அறுபது போல, எல்லாம் பாவிச்சது. அதில எண்கோண வடிவ 4 பென்ஸ் றோஸ் நிறம் ஒண்டு, ஓரத்தில துளைப் பல் இல்லை. ஐந்தாம், ஆறாம் ஜோர்ஜ் காலத்தது பாவிச்சதும் பாவிக்காததும் கலந்து ரெண்டு புத்தகம். சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது அனேகமா எல்லாம் புதுசா. முதல்நாள் உறை (முத்திரை வெளிவந்த நாளிலேயே குறி குத்தினது) ஒரு பெட்டி. பழைய கடித உறைகள் ரெண்டு சப்பாத்துப் பெட்டி நிறைய: யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன், தோட்டத்துத் தபாலகங்கள். பிஸ்கற் டின்னில வெளிநாட்டு முத்திரை.

சிலதில மண்ணிறப் புள்ளி விழுந்திருக்கு. பாவிக்காத முத்திரை கொஞ்சம் பக்கத்தோட ஒட்டிப்போச்சு. ஒரு வியாபாரி எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே விலை சொன்னார். கற்றலொக்கில கூட்டிப் பார்த்ததில பத்தில ஒரு பங்கும் வராது. குடுக்கலாமா?


நீர்க்குறி

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். முதலில் கற்றலொக்கைப் பற்றி. கற்றலொக் வெளியிடும் ஸ்டான்லி கிபன்ஸ் நிறுவனம் அதில் போட்டிருப்பது, நல்ல நிலையிலுள்ள பிரதியை அவர்கள் தங்கள் கடையில் விற்கும் விலை. வாங்கும் விலை அல்ல. அடிமட்ட விலை போட்ட முத்திரைகளில் அந்தத் தொகையே எடுத்துக் கொடுக்கிற கூலிதான். அப்படியானதில் ஆயிரத்தைக் கூட்டினால் கடதாசியில் பெரிய தொகை வரும், கையில் ஒன்றும் வராது.

வியாபாரி ஒரே விலை சொன்னார் என்றால் அவர் கண் இரண்டு மூன்று பக்கத்தில் விழுந்திருக்கிறது. அந்தப் பக்கங்களுக்குக் கணக்குப் போட்டு மிச்சத்தையும் சேர்த்து அள்ளுவார். அதில் ஏமாற்று என்று சொல்லவும் ஏலாது, மிச்சத்தை விற்க அவருக்கும் ஆள் தேடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பக்கங்கள் எவை என்று தெரியாமல் நீங்கள் விலை பேசக் கூடாது.

சுதந்திரத்துக்குப் பிந்தியதில் எதிர்பார்ப்பைக் குறையுங்கள். குறிப்பாக 1972 மே 22இல் நாட்டின் பெயர் மாறிய பிறகு வந்தவை. நிறைய அச்சடித்தார்கள், நிறையப் பேர் புதிதாகவே எடுத்து வைத்தார்கள். தபாலுக்குக்கூடப் பயன்படாது: 2022 ஓகஸ்ட் 15 முதல் சாதாரண கடிதத்துக்கே 50 ரூபாய், 50 சத முத்திரை என்றால் உறையில் நூறு ஒட்ட வேண்டும். முதல்நாள் உறைக்கும் இதே கதை. இதில் பார்க்க வேண்டியது பிழைகளை மட்டும். உதாரணமாக 1956 புத்த ஜயந்தி முத்திரைகளில் 4 சதத்திலும் 10 சதத்திலும் இருந்த மேலதிக நன்கொடைத் தொகையை 1958இல் கோடு போட்டு மறைத்தார்கள். அந்தக் கோடு தலைகீழாகவோ இரண்டு தரமோ விழுந்திருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

ஆறாம் ஜோர்ஜ் 1938 வரிசையை ஒரே படம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பீர்கள். இறப்பர் பால் வெட்டும் 2 சதம், சிவனொளிபாதமலை 3 சதம், யானைகள் உள்ள 50 சதம், இவை ஒவ்வொன்றும் பல பல்லளவில் வந்தவை. ஒன்று சில்லறை விலை, பக்கத்திலிருப்பது பல மடங்கு. பல்லளவுச் சட்டம் ஒன்று வாங்கி மேல்விளிம்பையும் பக்கவிளிம்பையும் தனித்தனியே அளவுங்கள். 2 சென்ரிமீற்றருக்குள் எத்தனை துளை என்பதுதான் கணக்கு. கண்ணால் பார்த்து 13, 13½ பிரிக்க முடியாது.

இனி அந்த 4 பென்ஸ். இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வந்த 6 பென்ஸ். எண்கோண 4 பென்ஸ் 1859இல் பல் இல்லாமல் வந்தது. இலங்கை முத்திரைகளிலேயே பெரிய பெயர் அதற்குத்தான், மங்கல் றோஸ். பாவிக்காத நல்ல பிரதி பல்லாயிரம் பவுண், பாவித்ததும் மலிவில்லை. அதனால்தான் சந்தேகத்தோடு தொடங்க வேண்டும். 1861க்குப் பிறகு இதே படம் பல்லோடும் வந்தது. பல்லைக் கத்தரித்து 1859 என்று விற்பது நூறு வருடத்துப் பழைய தந்திரம்.

சோதனை வீட்டிலேயே செய்யலாம். கறுப்பு நிறத் தட்டையான பாத்திரம் ஒன்றை எடுங்கள். முத்திரையை முகம் கீழாக வைத்து லைற்றருக்கு விடும் திரவம் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். பெற்றோல் வேண்டாம். விசிறியை நிறுத்தி யன்னலைத் திறந்து விடுங்கள், அடுப்பும் ஊதுபத்தியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீர்க்குறி (கடதாசி செய்யும்போதே அதில் பதிந்த அடையாளம்) சில விநாடி கறுப்பாகத் தெரியும். நட்சத்திரம் தெரிந்தால் முந்திய காலத்துக் கடதாசி, மேலே ஆராயலாம். கிரீடமும் சீசீ என்ற இரண்டு எழுத்தும் தெரிந்தால் 1863க்குப் பிந்தியது, பல் கத்தரிக்கப்பட்டது, விஷயம் முடிந்தது. இதே சொட்டில் கடதாசி மெலிந்த இடங்களும் கறுப்புத் திட்டாகத் தெரியும், எல்லா விக்டோரியாவுக்கும் செய்து குறித்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: கிராவூர் என்ற அச்சு முறையில் வந்த பிந்திய முத்திரைகளுக்கு இந்தத் திரவம் போட வேண்டாம், சிலதில் மை கரையும்.

நட்சத்திரமே தெரிந்தாலும் விளிம்பைப் பாருங்கள். எண்கோணத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெளிக்கோட்டுக்கு அப்பால் தெளிவாக இடம் இருக்க வேண்டும். எண்கோண வடிவத்திலேயே வெட்டியிருந்தால் மதிப்பு சிறு பங்காகிவிடும், அது அசலாகவே இருந்தாலும்.


கொட்டாஞ்சேனை_உறை

நீர்க்குறி அண்ணா முத்திரையையே பார்க்கிறார், நான் அந்தச் சப்பாத்துப் பெட்டியைப் பார்க்கிறேன். யோகன், ஒரு உறையிலிருந்தும் முத்திரையை வெட்டி எடுத்துப்போடாதீங்க. எடுத்தால் 6 சத முத்திரை ஒன்று மிஞ்சும். உறையோடு இருந்தால் அது எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்தக் கட்டணத்துக்குப் போனது என்ற முழு விபரம்.

உறைகளைப் பிரிக்கிற விதம் இது. முத்திரை என்ன என்று பார்க்காமல் தபால்குறியைப் பாருங்கள். ஊர்ப் பெயரும் தேதியும் முழுதாக வாசிக்க முடிந்தவை ஒரு பக்கம். தோட்டத்துச் சிறு தபாலகங்கள், பிறகு மூடப்பட்டவை, பெயர் மாறியவை தனியே. ரயிலில் தரம் பிரித்த தபாலுக்கு விழுந்த டீபீஓ குறி இருந்தால் தனியே, வடபகுதி இரவு அஞ்சல் ரயில் குறிகளுக்குத் தேடி வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 1939 முதல் 1945 வரையான உறைகளில் தணிக்கை முத்திரையோ ஓரத்தில் திறந்து மறுபடி ஒட்டிய அச்சடித்த பட்டியோ இருக்கிறதா பாருங்கள். 1987–90இல் இந்திய அமைதிப் படையின் களத் தபால்குறி உள்ளவையும் வரலாம். பின்பக்கத்தையும் திருப்புங்கள், போய்ச் சேர்ந்த இடத்துக் குறி அங்கேதான் விழுந்திருக்கும். உள்ளே கடிதம் இருந்தால் அதோடேயே வையுங்கள். குடும்ப விஷயம் எழுதியிருந்தால் விற்க முன்னர் வாசித்து முடிவெடுங்கள்.

ஆர்வம் போனதற்கு இதிலேயே காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கற்றலொக் இலக்கப்படி நிரப்பிக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் மிஞ்சுகிற வெற்றிடம் எல்லாம் வாங்க முடியாத விலை. தேட ஒன்றும் இல்லை, காசு சேர்க்கத்தான் இருக்கிறது. அது யாருக்கும் அலுக்கும். தபால்குறிக்கு அப்படி முடிவான பட்டியல் இல்லை, விலையும் பெரும்பாலும் கைக்கு எட்டும். முத்திரைப் புத்தகங்களை விற்றுவிட்டு உறைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதுவும் அலுத்தால் பிறகு விற்கலாம், உறை பிசினால் பழுதாகாது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: ஒவ்வொரு பக்கத்துக்கும் கிடைக்கக்கூடிய உண்மையான காசை ஒரு துண்டில் எழுதி அந்தப் பக்கத்தில் வையுங்கள். அந்தக் காசு கையில் இருந்தால் இன்றைக்கு இதே பக்கத்தைப் போய் வாங்குவேனா என்று கேளுங்கள். இல்லை என்று வந்த பக்கங்கள் விற்பனைக்கு.


பிசின்

கேட்டு யோசிக்கிறது நல்லதுதான், ஆனால் பாவிக்காத முத்திரைக்கு யோசிக்கிற காலத்துக்கும் விலை உண்டு. கொழும்பில் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 75 சதவீதத்துக்கு மேல், வெள்ளவத்தையில் கடல் பக்கம் என்றால் உப்பும் சேரும். முத்திரைக்கு வேண்டியது 45 முதல் 55. அலுமாரியில் வைத்து முடிவைத் தள்ளிப்போட்டால் ஒவ்வொரு மழைக்காலமும் உங்களுக்குப் பதிலாக முடிவெடுக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: புத்தகங்களைப் படுக்க அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். படுக்க அடுக்கினால் மேலுள்ள பாரம் பிசினைப் பக்கத்தோடு அழுத்தும், ஒட்டினதற்கு அதுதான் காரணம். மழை அடிக்கும் வெளிச்சுவரோடு சேர்ந்த அலுமாரி வேண்டாம். இறுக்கமாக மூடும் 20 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் 150 முதல் 200 கிராம் சிறு பைகளாக, ஒரு சின்ன ஈரப்பதன்மானி. ஜெல் நிறம் மாறினால் அவனில் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்து எடுத்தால் திரும்பப் பாவிக்கலாம். நிறைய ஜெல் போட்டு 40க்குக் கீழே இறக்கவும் கூடாது, பிசின் வெடித்து முத்திரை சுருளும்.

ஒட்டினதைக் கத்தியால் கிளப்ப வேண்டாம். மூடியுள்ள பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பொஞ்ச், அதற்கு மேல் தண்ணீர் தொடாமல் ஒரு பிளாஸ்ரிக் வலை, வலையின் மேல் ஒட்டிய பக்கத்துத் துண்டு. மூடிவிட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் சாமணத்தால் மூலையைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு முதல் நாலு மணித்தியாலத்தில் பெரும்பாலும் விடும். இரவு முழுக்க மறந்து விட்டால் பூஞ்சணம் வரும். எடுத்ததைப் பிசின் மேலே பார்க்கக் காயவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகுத்தாளுக்கு இடையில் வைத்து அழுத்துங்கள். மூடியில் சேரும் நீர்த்துளி முத்திரையில் விழாமல் பார்க்க வேண்டும், அதிலும் ஐந்தாம் ஜோர்ஜ் பச்சையும் ஊதாவும். டி லா ரூ கம்பனி அந்த மையை வேண்டுமென்றே தண்ணீரில் கரைகிற மாதிரிச் செய்தது, பழைய முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டுவதைத் தடுக்க. ஒரு துளி போதும், நிறம் போய்விடும். இதே காரணத்துக்காக அந்தக் காலத்துப் பாவித்த முத்திரைகளையும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம்.

மண்ணிறப் புள்ளி பூஞ்சணம். புள்ளி விழுந்தவற்றை வேறு புத்தகத்துக்கு மாற்றுங்கள், பக்கத்திலுள்ளதுக்கும் பரவும். குளோரமீன் போட்டு வெளுக்கச் செய்யச் சொல்லி யாரும் சொன்னால் கேட்காதீர்கள். பிசின் போகும், நிறமும் மாறலாம், புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் தெரிந்தும் விடும். உள்ளதை உள்ளபடி ‘புள்ளி உண்டு’ என்று எழுதி விற்றால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். மறைத்து விற்றால் திருப்பி அனுப்புவார்.

ஆகவே என் அபிப்பிராயம், பாவிக்காத ஐந்தாம், ஆறாம் ஜோர்ஜை முதலில் விற்றுவிடுங்கள். விக்டோரியா எல்லாம் பாவித்தது, பிசின் இல்லை, அது காத்திருக்கும்.


வெள்ளவத்தை_யோகன்

எல்லாருக்கும் நன்றி. 4 பென்ஸைச் சொட்டு விட்டுப் பார்த்தன். கிரீடமும் சீசீயும்தான். மனசு கொஞ்சம் விழுந்ததுதான், ஆனா வியாபாரியோட கதைக்க இப்ப பயமில்லை. உறைகளில டீபீஓ குறி ஒன்பது கிடைச்சிருக்கு, தணிக்கைப் பட்டி போட்டது ஒரு கட்டு. உறைகள் என்னோட நிக்கட்டும்.

ஜோர்ஜ் புத்தகம் ரெண்டையும் வெளிநாட்டுக்கு விக்கிறதா இருந்தா எப்பிடி? தம்பி ஒருத்தர் நேர ஈபேயில போடச் சொல்றார்.


ஏலத்தட்டு

முதலில் சட்டம், பிறகு ஈபே. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டப்படி கலாசாரச் சொத்தை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1970 யுனெஸ்கோ சமவாயத்தின் பட்டியலில் தபால் முத்திரையும் முத்திரைச் சேகரிப்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. அதனால் பட்டியலும் படமும் எடுத்துக்கொண்டு கொழும்பு 7இல் தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். சுங்கத்தில் பொதி நின்ற பிறகு கேட்பது வீண் அலைச்சல்.

ஈபேயில் ஒவ்வொன்றாகப் போடுவது தனி வேலை: படம், விபரம், கேள்விக்குப் பதில், பதிவுத் தபால், திரும்பி வந்தால் அந்தச் செலவு. ஆர்வம் போனவருக்கு அந்த வேலை ஒத்துவராது. பல்லளவு பார்த்துப் பிரித்த நல்ல பத்துப் பதினைந்தை மட்டும் அப்படிப் போடலாம், மிச்சம் வேண்டாம். பணம் எந்தக் கணக்குக்கு, எந்த வழியாக வரும் என்பதை முதல் முத்திரை போடுவதற்கு முன்பே சரிப்படுத்துங்கள்.

மிச்சத்துக்கு இங்கிலாந்து ஏல நிறுவனங்கள் பொருத்தம், பழைய பொதுநலவாய முத்திரைக்கு அங்கேதான் ஆள் அதிகம். சரக்கை அனுப்ப முன்னர் ஸ்கான் அனுப்புங்கள்: 600 டீபீஐ, கறுப்புப் பின்னணி, முன்னும் பின்னும். பின்பக்கம் இல்லாத படத்துக்கு எந்த நிபுணரும் உறுதியாக விலை சொல்ல மாட்டார், ஹிஞ்ச் (அல்பத்தில் முத்திரையைப் பிடிக்க ஒட்டும் சிறு தாள்) அடையாளமும் பிசின் நிலையும் அங்கேதான் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள்: விற்பவரிடம் எடுக்கும் கழிவு எவ்வளவு, படம் எடுக்கத் தனிக் கட்டணமா, காப்புறுதி யார் பொறுப்பு, விலை போகாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருக்கு, ஏலம் முடிந்து எத்தனை நாளில் பணம். இதில் ஒன்றுக்குப் பதில் வழுவினாலும் வேறு இடம் பாருங்கள்.

பெறுமதியானது ஏதும் தேறினால் லண்டன் ரோயல் ஃபிலாடெலிக் சங்கத்தின் நிபுணர் குழுச் சான்றிதழ் எடுக்கலாம். ஆனால் கட்டணமும் போக்குவரத்துத் தபாலும் முத்திரையின் விலையைத் தின்னும் என்றால் தேவையில்லை. 1885இன் மேலச்சு முத்திரைகள் (பழைய முத்திரையின் மேல் புது விலை அச்சடித்தவை) உங்கள் விக்டோரியாவில் இருந்தால் அவற்றுக்கு மட்டும் யோசியுங்கள், அதில் போலி மலிந்து கிடக்கிறது.

பொதி கட்டுவது: முத்திரையை மெழுகுத்தாள் உறையில் போட்டு, இரண்டு கெட்டியான அட்டைக்கு நடுவில் வைத்து, அட்டையை அட்டையோடு மட்டும் ரேப் போட்டு ஒட்டி, முழுவதையும் சிப் பையில் மூடுங்கள். கிளிப் வேண்டாம், மழைக்காலத்தில் துருவாகும். புகைப்படம் ஒட்டுகிற பசைப்பக்க அல்பத்திலோ மலிவு பீவீசீ உறையிலோ எதையும் அனுப்பாதீர்கள்.


நீர்க்குறி

ஏலத்தட்டு சொன்னதோடு ஒன்று. அந்த வியாபாரியிடமே திரும்பப் போங்கள், ஆனால் இம்முறை 1948க்குப் பிந்திய புத்தகங்களுக்கு மட்டும் விலை கேளுங்கள். நல்ல பக்கங்கள் இல்லாமல் என்ன சொல்கிறார் என்பதில்தான் அந்தச் சரக்கின் உண்மையான விலை தெரியும். சொல்கிற விலை பஸ் காசுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் கொடுத்துவிடுங்கள், பேரம் பேசி நேரம் கழிக்கிற சரக்கில்லை.


வெள்ளவத்தை_யோகன்

சரி அண்ணா, அப்பிடியே செய்யிறன். பிஸ்கற் டின்?


பிசின்

திறந்து மணந்து பாருங்கோ. பூஞ்சண மணம் இல்லையெண்டால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில முத்திரைக் கழகம் இருக்கோ எண்டு கேட்டுக் குடுங்கோ, நிறுத்து விக்கிறதில ஒண்டும் மிஞ்சாது. குடுக்க முன்னம் ஒருக்கால் மேசையில கொட்டிப் பார்க்க வேணும், இலங்கை உறைத் துண்டு ஏதும் உள்ளுக்குக் கலந்து கிடக்கும்.